லீவு கேட்காத கூட்டம்

காலிங் பெல் விடாமல் அலறியது. சண்முகசுந்தரம் கதவைத் திறந்ததும், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"உங்க பொண்ணு ஜாடியில கரண்ட் எடுக்குதாமே. மைன்ஸ் கேன்டீன்ல பேசிக்கினாங்க."

ஆராய்ச்சி மாணவி கோமதி சேற்று ஜாடியை எடுத்து வந்து காட்டினாள். "இதுல பாக்டீரியா இருக்குங்க. அது உடம்புல புரோட்டீனெல்லாம் வரிசையா நிக்குது. ஒவ்வொண்ணு நடுவுலயும் இரும்பு. ஒண்ணு எலெக்ட்ரானை வாங்கிப் பக்கத்துல இருக்கறதுகிட்டத் தள்ளும். கடைசிப் புரோட்டீன் அதை வெளியில கம்பிக்கு விட்டுடும், அதான் கரண்ட்."

"எத்தனை ஷிஃப்ட்டு?"

"ஷிஃப்ட்டே கிடையாதுங்க. ராத்திரி பகலா இதே வேலைதான்."

"லீவு? கூலி?"

"லீவு இல்ல. கொஞ்சம் சர்க்கரை போட்டாப் போதும்."

வந்தவர் குனிந்து ஜாடியை உற்றுப் பார்த்தார். சண்முகசுந்தரம் மகளை ஜாடியோடு சமையலறைக்கு இழுத்துப் போனார்.

"யூனியன்காரர்மா. ஆளைக் குறைக்க வழி பண்றோம்னு நாளைக்கே வீட்டு முன்னால கொடி பிடிப்பாங்க. நான் மைன்ஸ்ல தலைகாட்ட முடியாது. கொட்டிடு."

"மூணு வருஷ உழைப்புப்பா."

"கொட்டுன்னா கொட்டு."

கோமதி கண் கலங்க ஜாடியைத் தொட்டியில் கவிழ்க்கப் போனாள். வந்தவர் ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

"கொட்டிடாதம்மா, நான் லேபர் கான்ட்ராக்டர். இதுங்களுக்குச் சங்கம் கிங்கம் ஒண்ணும் இல்லியே?"