ஸமட்டின் கரிசனை

புண் முற்றி, மீராசாவின் இரைப்பையை டாக்டர்கள் வெட்டி எடுத்து நாலு வருஷமாகிறது. சொந்தத் தம்பியே எட்டிப் பார்க்காத வீட்டுக்கு அவரைக் 'காக்கா' என்று அண்ணன் முறை கொண்டாடும் அடுத்த தெரு அப்துல் ஸமட் மட்டும் வெள்ளிக்கு வெள்ளி வந்து சுகம் விசாரிப்பதில் மீராசாவின் மனைவி ஸாலிஹாவுக்கு மனம் நிறைந்துபோகும்.

"காக்கா, விழுங்கக்குள்ள அடைக்குதா?"

"இடைக்கிடை நெஞ்சுக்குள்ள நிக்குது ஸமட். காத்தாயிருக்கும்."

"காத்தெண்டு சும்மா இருந்திராதீங்க. இரைப்பை எடுத்தவங்களுக்கு சோத்துக் குழாயில புத்து வர இடமிருக்கு எண்டு டாக்குத்தர் சொன்னவரெல்லோ? நாளைக்கே கொழும்புக்குப் போவம். நானும் வாறன்."

பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனார். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், "புற்று இல்லை, பித்தம் மேலே ஏறிப் புண்ணாக்கியிருக்கு. இனி வருஷா வருஷம் வந்து காட்டவேணும்" என்றாராம். அதைக் கேட்டு மீராசாவை விட ஸமட்தான் அதிகம் அழுதாராம். அன்றிலிருந்து ஸாலிஹா தொழுகையில் ஸமட்டுக்கும் சேர்த்தே துஆக் கேட்டாள்.

அடுத்த வாரம் சாய்ந்தமருதில் கலியாணம். பெண்கள் பக்கத்துத் திரையை விலக்கி, புருஷன் சாப்பிடுகிறாரா என்று ஸாலிஹா பார்த்தாள். ஆறு பேர் கூடிச் சாப்பிடும் சஹன் தட்டில் மீராசா இரண்டு பிடி தின்றுவிட்டுக் கையை எடுத்தார். அவர் முன்னால் முழுசாகக் கிடந்த கோழிக்காலை நோக்கி எதிரே இருந்த பக்கீர் கையை நீட்டினான்.

மீராசாவின் பக்கத்தில் இருந்த ஸமட் அந்தக் கையைத் தட்டிவிட்டு, கோழிக்காலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எடு கைய. காக்காவக் கொழும்புக்குக் கூட்டிப் போனது ஆரு, நீயா நானா?"