நாலு இஞ்ச் உசரம்

தளி ஊரில் தன் வீட்டு வாசலில் நின்ற பிக்கப் வண்டியைப் பார்த்ததும் மாதேஸ்வரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏன்டா சிவராஜ், ஓசூருக்குக் கொண்டுபோய் வண்டியை நாலு இஞ்ச் உசத்திட்டு வந்திருக்கியே, ரீல்ஸ் போடவா?”

“ஓடைத் தண்ணி இஞ்சின் வரைக்கும் ஏறாதுப்பா.”

“முட்டிவலியோட உங்கம்மா இதுல எப்படிடா ஏறுவா? நாளைக்கே இறக்கிடு!”

“என்னால முடியாதுப்பா.”

அதற்குள் சிவராஜின் அம்மா ருக்மணி ஒரு முக்காலியோடு வந்தாள். அதன்மேல் கால் வைத்து ஏறி, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். முக்காலியின் காலில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து அதையும் மேலே இழுத்துக்கொண்டாள்.

“உசத்தச் சொன்னதே நான்தாங்க. போன மழையில வண்டி ஓடைக்குள்ள நின்னுபோய், நான் ஏத்திட்டுப் போன ரோஜா மொத்தமும் வாடிப்போச்சு. இனி ஒருநாளும் சந்தை தவறாது. நீங்களும் வர்றீங்களா? முக்காலியை இறக்கட்டுமா?”