குரக்கன் பிட்டும் லேயர் தீனியும்

"முட்டை இல்லை." றஞ்சனா கூட்டுக்குள் விட்ட கையை வெளியில் எடுத்து, விரித்துக் காட்டினா.

ஸ்ரீஸ்கந்தராசா கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "இண்டைக்குமா?"

"இண்டைக்கும்தான். உங்கடை பட்டாளம் திண்டு திண்டு உருளுதே ஒழிய ஒண்டும் போடேல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாப்பன். இல்லையெண்டால் கலகெதரக் கோழி வியாபாரி வந்து இறைச்சிக்கு அள்ளிக்கொண்டு போவான். சொல்லிப்போட்டன்!"

பென்சன் எடுத்த பிறகு, குண்டசாலை வீட்டில் அவர் சொல்லைக் கேட்கிற சீவன்கள் அந்தக் கோழிகள் மட்டும்தான். முட்டைக்கென்றே வளர்க்கிற மண்ணிற லேயர் பேடுகள், ஊர்ப் பேடுகள், அரைவாசி வளர்ந்த குஞ்சுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சேவல். கந்தோரில் தன்னை மேய்த்த அதிகாரியின் நினைவாக, சேவலுக்கு 'டிரெக்டர் ஐயா' என்று பெயர் வைத்திருந்தார். அவற்றை இறைச்சிக்குக் கொடுக்கிறதாவது!

"தீனிதான் பிழையப்பா" என்றார். "லேயர் தீனியிலை கல்சியம் கூட. சேவலும் குஞ்சுகளும் திண்டால் கிட்னி பழுதாப் போம். குஞ்சுத் தீனியைப் பேட்டுக்குப் போட்டால் முட்டைக்கோது மெல்லிசாப் போம். எல்லாத்துக்கும் பொருந்துற தீனி ஒண்டு பாக்கவேணும். நீர் கொஞ்சம் பொறும்."

இவ்வளவும் பேசினாரே, மனுசன் பச்சைக் கள்ளன்! பிழை எங்கே என்று அவருக்கு வடிவாய்த் தெரியும்.

சங்கதி இதுதான். சீனி வருத்தம் எகிறிப்போய், கிளினிக்கில் டொக்டர் பேசின பேச்சுக்குப் பிறகு, டீச்சராய் இருந்த மனைவி றஞ்சனா அவருக்குக் குரக்கன் பிட்டும் அவித்த பாவற்காயும்தான் சாப்பாடு என்று ஆக்கிவிட்டா. இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, "பின்னாலை காத்துப்பட இருந்து சாப்பிடுறன்" என்று கூட்டடிக்குப் போவார். அங்கே டிரெக்டர் ஐயா தலைமையில் பந்தி நடக்கும். வெறுங்கோப்பையோடு திரும்பி வந்து பெரிய ஏப்பம் ஒன்று விடுவார். பிறகு மெல்ல நழுவி, சந்திக் கடையில் ரோல்ஸும் சீனி தூக்கலாய்ப் பால் தேத்தண்ணியும்.

அன்றைக்கே தீனிக்கடைக்குப் போனார். கடைக்கார வீரையாவை நிற்கவைத்து, போனில் பார்த்த பாடம் முழுவதையும் ஒப்புவித்தார்.

"எல்லாத்துக்கும் வளருற கோழித் தீனி. முட்டை போடுறதுக்கு மட்டும் சிப்பித்தூளைத் தனியா ஒரு சிரட்டையிலை வைக்கிறது. வேணுமெண்டது போய்க் கொத்தும். எப்பிடி என்ரை பிளான்?"

"சரிதாங்க ஐயா. கலந்து வளக்கிறவங்க அப்படித்தான் போடுறாங்க" என்று மூட்டையை இறக்கினார் வீரையா. "வேற சாப்பாடு ஏதும் போடுறீங்களா? வயிறு ரொம்பிட்டா தீனிய தொடாதுங்க. முட்டையும் கொறஞ்சிரும்."

"வேறை சாப்பாடோ? ஆர் போடுறது? நானோ?"

"ஐயோ, நான் சும்மா கேட்டேங்க!"

புதுத்தீனி வந்தது. சிரட்டையும் வந்தது. கோழிகள் சும்மா ஒரு கொத்துக் கொத்திவிட்டு நிமிர்ந்து, அவருடைய கையைப் பார்த்தன. பிட்டு எங்கே?

உள்ளே றஞ்சனா போனில் பேசுவது கேட்டது. "ஓம் ஓம், ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. சேவலும் இருக்கு. நல்ல நிறை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மத்தியானக் கோப்பையோடு வந்து வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் குந்தினார். பந்திக்கு ஓடிவந்த டிரெக்டர் ஐயாவைக் காலால் தள்ளினார்.

"தள்ளி நில்லும்! உம்மடை உயிருக்காகத்தான் இந்தக் கண்டறாவியை நான் தின்னுறன்."

பாவற்காய் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினார். இரவும் அதேதான். அடுத்தநாளும் அதேதான். ஒரு பருக்கையும் கீழே விழ விடவில்லை. வயிறு நிறைந்து கிடந்ததில் சந்திக் கடைப் பக்கம் கால் போகவுமில்லை.

ஞாயிறு விடிய றஞ்சனா கத்தினா. "இஞ்சாருங்கோ! ஓடி வாங்கோ!"

அவ கை நிறைய முட்டை!

"பாத்தீரே? தீனி சரியெண்டால் எல்லாம் சரி!" என்று துள்ளினார். வியாபாரியைத் தானே கேட்டடியில் போய் நின்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு மனுசன் வாளியை விட்டு எழும்பவில்லை. தவறிப்போய் ஒரு நேரப் பிட்டைக் கோழிக்குப் போட்டு, முட்டை நின்றுவிட்டால்? அந்தப் பயத்திலேயே மிச்சம் விடாமல் சாப்பிட்டார். அடுத்த கிளினிக்கில் டொக்டர் ரிப்போட்டைப் பார்த்து, "சீனி நல்லா இறங்கியிருக்கு! என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார். "கோழிக்குத் தீனி மாத்தினனான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு அசடு வழிந்தார்.

வீட்டுக்கு வந்து இறங்கினால், பக்கத்து வீட்டு பர்ஹானா கைப்பிள்ளையோடு கேட்டடியில் நின்றாள்.

"சேர், டீச்சர் ஈக்கிறாங்களா?"

"குளிக்கிறா போலை. என்ன பிள்ளை?"

"இல்ல சேர், டீச்சர் ஒவ்வொரு நாளும் காலேல மதிலுக்கு மேலால புள்ளைகளுக்கு முட்ட தாரதானே. கொஞ்ச நாளாக் காணல்ல" என்றாள் பர்ஹானா, உண்மையான கவலையோடு. "ஒங்கட கோழியெல்லாம் முட்ட போடுறத்த நிப்பாட்டிட்டா?"