காலி முளை

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கிற வழக்கமில்லை. பக்கத்து ஊர் சென்னியப்பன் எட்டு மாதச் சினையாக இருந்த செவலைப் பசுவை வாங்கியபோது, தான் கொண்டுவந்த புதுக் கயிற்றில்தான் பிடித்துப் போனார். பழைய கயிறு கட்டுத்தறி முளையிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான் நாச்சிமுத்து.

மிச்சமிருந்த மூன்று மாடுகளுக்கும் விற்ற சேதி தெரியவில்லை போலிருக்கிறது. தண்ணீர்த் தொட்டியில் செவலைக்கு இடம் விட்டே நின்றன. கருப்பி, செவலையின் கழுத்து இருக்கவேண்டிய உயரத்தில் காற்றை நக்கிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மறுநாள் காலை சாணி அள்ளும்போது சிரிப்பு நின்றுபோனது. காலி முளையடியிலும் சாணி கிடந்தது. ஆவி பறந்தது.

"வேலாத்தா, மத்தது எதாச்சும் அவுத்துட்டு வந்துருச்சா?"

"கட்டுனது கட்டுனபடிதான் இருக்குது" என்றாள் மனைவி, அதையும் கூடையில் வழித்துப் போட்டுக்கொண்டு.

மூன்றாம் நாள் சென்னியப்பன் போன் செய்தார். "ஏனுங்க, மாடு நல்லாத்தான் திங்குது. ஆனா வந்ததுலிருந்து ஒருக்காக்கூடச் சாணி போடல. வயிறு ஊதிக் கெடக்குது. டாக்டரு கையை விரிச்சுட்டாரு."

நாச்சிமுத்து முளையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தான். யாரும் செய்யாத காரியம்தான், ஆனாலும் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்பினான். மூன்று மாடுகளும் ஒதுங்கி வழிவிட்டன. படலைத் தாண்டும்போது கயிறு பின்னால் விறைத்தது. அவன் இன்னும் பலமாக இழுத்தான்.

"இழுக்காதீங்க" என்று கத்தினாள் வேலாத்தா. "மெல்லக் கூட்டிட்டுப் போங்க. செனை மாடு."