ஜன்னலோரக் கட்டில்

இடைவேளை முடிந்து மணி அடித்தும் டிரைவர் உள்ளே போகவில்லை. தியேட்டர் வாசலுக்கும் பாப்கார்ன் கடைக்கும் நடுவே நடையாய் நடந்துகொண்டிருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். சும்மா நின்றாலும் வலது கால் பிரேக்கைத் தேடும்.

முதன்முதலாகத் திரையில் முகம் காட்டியவருக்கு இந்தத் தவிப்புகூட இருக்காதா என்ன? முதியோர் இல்லத்தில் நடக்கிற சிரிப்புக் கதை. கையில் காசு கம்மி என்பதால், டைரக்டர் நிஜ இல்லம் ஒன்றையே பிடித்து, ரிட்டயர் ஆனவர்களாகப் பார்த்து அள்ளிக்கொண்டு போய், ஷூட்டிங் முடியும்வரை அங்கேயே தங்க வைத்துவிட்டார். டிரைவருக்கு ஒரே ஒரு வசனம். மற்ற நேரமெல்லாம் பின்னால் உட்கார்ந்து கேரம் ஆட வேண்டும்.

ஷூட்டிங் முடிந்து திரும்பி வரும்போது தன் பச்சைத் துண்டை அங்கே தான் படுத்திருந்த ஜன்னலோரக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்தார். "மாமாவுக்கு மறதி ஜாஸ்தியாயிடுச்சு" என்று மருமகள் கலங்கிப் போனாள். அன்றிலிருந்து வீட்டில் அவர் கேஸ் அடுப்பைத் தொடக்கூடத் தடை.

இப்போது மகனும் மருமகளும் உள்ளே உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். மகன் சிரித்துக்கொண்டே வெளியே வர வேண்டும். டிரைவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

படம் முடியும் முன்பே ஒரு பையன் போனை நோண்டிக்கொண்டு வெளியே வந்தான். டிரைவர் மறித்தார்.

"எப்படிப்பா இருக்கு படம்?"

"ஒரே பில்டிங்க வெச்சு முழுப் படத்தையும் ஒப்பேத்திட்டாங்க. ஒரு சீன்ல மைக்கே தெரியுது."

"பில்டிங் நல்லாயிருக்கா?"

பையன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நல்லா காத்தோட்டமாத்தான் இருக்கு."

தூணோரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த டைரக்டரின் முகம் சுருங்கியது. டிரைவர் என்னவோ பரிசு வாங்கியவர்போல இன்னும் இரண்டு நடை நடந்தார்.

கதவுகள் திறந்தன. முதலில் வந்த தொப்பைக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டார். "பல்செட் மாறிப்போற எடம் இருக்கே, வயிறு புண்ணாயிடுச்சு சார்."

"எல்லாரும் சந்தோஷமாதானே இருக்காங்க?"

"அவங்களுக்கென்ன சார், நம்மள விட ஜாலி."

இன்னும் நாலு பேர் இப்படிச் சொன்னால் போதும் என்று டிரைவர் நினைத்தார். அடுத்து வந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் மூக்கைச் சிந்தினார்.

"கடைசில அந்தக் கெழவி வாசலப் பாத்துக்கிட்டே நிக்குதே. யாருமே வரலையே. பாவம்."

டைரக்டர் ஓடி வந்து டிரைவரின் கையைப் பிடித்தார். "அழுறாங்க சார். பொழைச்சோம்."

"சிரிப்புப் படம்னுதானே தம்பி சொன்னே?"

"முக்கால்வாசி சிரிப்புதான். கடைசில கொஞ்சம் அழ விட்டாத்தான் வெளிய போய் நாலு பேர்கிட்ட சொல்லுவாங்க. நீங்கள்லாம் கெளம்பினப்புறம் எடுத்தோம்."

டிரைவர் கதவுப் பக்கம் திரும்பினார். வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சிவந்த கண்கள்தான் கூட்டமாக வந்தன. ஒரு பெண் வாசலிலேயே நின்று அம்மாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மகன் கடைசியில் வந்தான். மூக்கு நுனி சிவந்திருந்தது. மருமகளின் கண் வீங்கியே போயிருந்தது.

"அப்பா" என்று அத்தனை பேர் முன்னாலும் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டான். "'இங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல'ன்னு ஒரு வசனம் பேசினீங்களே. அவ்வளவு வேதனையையும் உள்ள வெச்சுக்கிட்டு வெளிய சிரிச்சீங்க பாருங்க, அதான்ப்பா நடிப்பு. எனக்குத் தாங்கல."

டிரைவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். மகன் விடவில்லை.

"என் உயிர் இருக்கிற வரைக்கும் உங்கள எங்கயும் அனுப்ப மாட்டேன். பகல்ல வீட்ல தனியா இருக்கீங்களேன்னுதானே கவல? ஹால்ல கேமரா மாட்டிடறேன். ஆபீஸ்லேர்ந்து உங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

சுற்றி நின்றவர்கள் மறுபடி கண்ணைத் துடைத்தார்கள். தொப்பைக்காரரே கைக்குட்டையை எடுத்தார். பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று யாரோ சொன்னது டிரைவர் காதில் விழுந்தது.

மருமகள் கணவனின் தோளைத் தொட்டாள். "மாமா மறந்து வெச்சிட்டு வந்த துண்டக்கூட அங்க விட வேணாங்க. நாளைக்கே போய் எடுத்துட்டு வந்துடுங்க."

டிரைவரின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. மகன் முகத்தைப் பார்க்க முடியாமல், பாப்கார்ன் கடையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"மறந்து வெக்கலம்மா. ஜன்னலோரமாச்சேன்னு துண்டு போட்டு எடம் பிடிச்சு வெச்சிருக்கேன்."