உள் ஏரி

"தலையைக் குனிங்க அண்ணி" என்றான் லியாகோஸ்.

கலியோபி குனிந்தாள். கூரையிலிருந்து தொங்கிய சுண்ணாம்புக் கல் அவளுடைய கறுப்பு முக்காட்டை உரசிக்கொண்டு பின்னால் போனது.

படகில் அவர்கள் இருவர்தான். நவம்பர் பிறந்ததும் குகைக்குச் சுற்றுலாக்காரர்கள் வருவது நின்றுவிடும். பாதி விளக்குகள் அணைந்திருந்தன. லியாகோஸ் துடுப்பைத் தொடவில்லை. இரண்டு பக்கமும் பாறையில் கை ஊன்றித் தள்ளியே படகைக் கொண்டுபோனான்.

கோடை முழுவதும் இந்த ஏரியில் படகு விடுவதுதான் அவன் பிழைப்பு. கலியோபியின் வீடு இதே குன்றின் மேல். ஆனாலும் கணவன் ஸ்த்ராத்திஸ் இங்கே இறங்கிப் போன பிறகு, அவள் ஒருநாளும் இதற்குள் கால் வைத்ததில்லை.

ஸ்த்ராத்திஸ் கிரேக்கக் கடற்படையில் முக்குளிப்பவனாக இருந்தவன். ஏரியின் கடைசிச் சுவருக்கு அடியில் தண்ணீர் எங்கோ போகிறது, வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினான். வரவில்லை. மகள் அரெத்தி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

தம்பி லியாகோஸ் அவனைத் தேடி முக்குளித்து முக்குளித்து இடது காது செவிடாகிப் போனான். சாப்பாட்டு மேசையில் யாராவது இடது பக்கம் உட்கார்ந்து தொணதொணத்தால், அந்தப் பக்கம் அண்ணன் இருக்கான், அவன்கிட்ட சொல்லு என்பான். யாரும் சிரிப்பதில்லை.

கலியோபியைப் பெண் கேட்டு ஒரு ரொட்டிக்கடைக்காரன் வந்தான். நல்லவன். தண்ணீருக்குள் ஒருவன் கிடக்கும்போது நான் எப்படி வேறு வீட்டில் விளக்கேற்றுவது என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

சென்ற வாரம், படகுப் பாதையை நீட்டுவதற்காகக் கடைசிச் சுவரைக் குடைந்தார்கள். அதற்குப் பின்னால் இன்னொரு ஏரி இருந்தது. ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பார்த்த ஆட்கள், அக்கரை மணலில் முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் காற்று உருளைகளும் எலும்புகளும் கிடப்பதைக் கண்டு, சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

செத்தவர் எலும்பை ஒயினால் கழுவி எடுப்பது வீட்டுப் பெண்ணின் உரிமை, அதில் யாரும் முந்தக்கூடாது என்று பாதிரியார் சொல்லிவிட்டார்.

குடைந்த வழிக்குள் படகு உரசிக்கொண்டு நுழைந்தது. அதற்கப்புறம் லியாகோஸ் நெற்றியில் கட்டியிருந்த விளக்கு ஒன்றுதான் வெளிச்சம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. இத்தனை வருடம் இந்த இருட்டிலா தனியாகக் கிடந்தான் என்று நினைத்தாள். ஒப்பாரியின் முதல் வரியை மனதுக்குள் எடுத்துவிட்டாள்.

படகு மணலில் தட்டியது.

இரண்டு உருளைகளும் பாறையோரம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் முக்குளிப்பு உடுப்பு, கைகளை உள்ளே மடக்கி, சதுரமாக மடித்து இருந்தது. ஸ்த்ராத்திஸ் தன் சட்டைகளை அப்படித்தான் மடிப்பான்.

அதன் மேல், தண்ணீர் புகாத ரப்பர் பை ஒன்று வாய் திறந்து காலியாகக் கிடந்தது.

அவனுடைய பழுப்பு ஷூவும் கம்பளிச் சட்டையும் அவன் தண்ணீரில் இறங்கிய சமயத்தில் வீட்டிலிருந்து காணாமல் போயிருந்தன. துக்கத்துக்கு வந்தவர்களில் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றே அவள் இன்றுவரை நினைத்திருந்தாள்.

லியாகோஸ் மெல்லத் தலையை நிமிர்த்தினான். மேலே, புதர் மறைத்திருந்த பாறை இடுக்கு வழியாகக் கொஞ்சம் பகல் கசிந்தது. ஓர் ஆள் தொற்றி ஏறிப் போகலாம். வெளியே எங்கோ ஆட்டு மணிகள் கேட்டன.

அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். கேட்காத காதைக் கையால் பொத்திக்கொண்டான்.

இடுக்குக்கு நேர் கீழே எலும்புகள் கிடந்தன. கலியோபி அவற்றருகே போய் மண்டியிட்டாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தான் கொண்டுவந்த பையைத் திறந்து, அரெத்தி ஓரம் தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணியை விரித்தாள். சிவப்பு ஒயினை உள்ளங்கையில் ஊற்றி, நீளமான எலும்பு ஒன்றை எடுத்துக் கழுவத் தொடங்கினாள்.

"அண்ணி, அது ஆடு."

"எனக்கும் கண்ணு தெரியுது லியாகோஸ்."

அடுத்த எலும்பை எடுத்தாள்.

"செத்தவன் பொண்ணாவே அரெத்தி இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "விட்டுட்டுப் போனவன் பொண்ணா ஆக வேணாம்."

லியாகோஸ் எழுந்து, நின்றிருந்த உருளைகளைக் காலால் தள்ளி மணலில் சாய்த்தான். மடித்த உடுப்பை ரப்பர் பைக்குள் திணித்து, கல்லை வைத்துக் கட்டி, ஏரியில் விட்டான். கொம்போடு கிடந்த மண்டையையும் அவனேதான் எடுத்துப் போட்டான். அது மூழ்கும்வரை இருவரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும்போது எங்கே குனிய வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. அவளாகவே குனிந்துகொண்டாள்.

வாசல் வெளிச்சம் தெரிவதற்கு முன்பே ஊர்ப் பெண்களின் ஒப்பாரி காதில் விழுந்தது. எல்லோருக்கும் முன்னால், தண்ணீர் ஓரம்வரை இறங்கி, அரெத்தி நின்றாள்.

எலும்பு மூட்டையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மார்போடு சேர்த்து அணைத்து, அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

பிறகு, பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னாள்.

"எவ்ளோ லேசா இருக்காரும்மா அப்பா."