வேலியோர ஒட்டு மா

“மண்ணில் உப்பு ஏறியிருக்கு” என்று நர்சரிக்காரர் சொன்னதிலிருந்து, தம்புசாமிக்குப் பக்கத்து வீட்டு ஜைனுதீன் மேல்தான் சந்தேகம்.

“கடல் காத்தா இருக்கும் லா” என்றாள் மனைவி பவானேஸ்வரி.

“இந்தச் செர்காம் ஊர்ல கடல் காத்து நமக்கு மட்டுமா அடிக்குது? வேலிக்கு அந்தப் பக்கம் அவன் மரம் காய்ச்சுத் தொங்குது. நம்ம ஒட்டு மா மட்டும் இலை கருகுது!”

“அவரு கண்ணும் சரியில்லங்க. எப்பப் பாரு, நம்ம மரத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு.”

வெள்ளிக்கிழமை மாலை, ஜைனுதீன் வேலியோரம் ஒரு கன்றோடு வந்தார்.

“அண்ணே, இது உப்பு தாங்குற அடிச்செடியில ஒட்டுனது. வாடுன மரத்துக்குப் பதிலா இத வச்சுப் பாருங்க.”

தம்புசாமி பாய்ந்தார். “மண்ணுல உப்புன்னு நான் வெளிய யார்கிட்டயும் சொல்லல. உனக்கு எப்படித் தெரியும்? நீதான ஊத்துன?”

ஜைனுதீன் கன்றைக் கீழே வைத்துவிட்டு மாமரத்தடியைப் பார்த்தார்.

அப்போது பவானேஸ்வரி வாளியோடு வந்து, மாமரத்தடியில் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

“என்ன அது?” என்றார் தம்புசாமி.

“திருஷ்டி சுத்துன உப்பு. கரைச்சுக் கால் படாத இடத்துல ஊத்தணும்ல? வாராவாரம் இங்கதான் ஊத்துறேன். மரம் வாட ஆரம்பிச்சதுலேருந்து அதுக்கும் சேத்துச் சுத்துறேன். இப்பல்லாம் ஒரு பாக்கெட்டே ஆகுது.”

 தம்புசாமி மெல்ல ஜைனுதீன் பக்கம் திரும்பினார்.

“பாத்துட்டும் ஏன்யா சொல்லல?”

“உங்க வீட்டு நம்பிக்கை அண்ணே, நான் எப்படி வேணாங்கிறது? அதான் செடிய மாத்தலாம்னு பாத்தேன்.”